ஸோசிமிக்கு அவித்த கோதுமை

ஏப்ரல் 30, 1984. திங்கள்

மாளிகைத் தோட்டத்து எலுமிச்சைக்குத் தண்ணீர் திருப்பினேன். மூன்றாம் பாத்தி வரப்பில் நண்டு ஓட்டை போட்டிருக்கிறது. மண் வைத்து மிதித்தேன்.

தினம் இரண்டு வரியாவது எழுது, இல்லாவிட்டால் கற்றது கையைவிட்டுப் போய்விடும் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறாள். எழுபத்து நாலு வயதில் வந்த எழுத்து. விருந்தாளி மாதிரி. கவனிக்காவிட்டால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடும்.

என் பெண்டாட்டி கலியோ பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏய்யா, அம்பது வருசமா வாயி ஓயல. இப்பக் கையும் சேந்துக்கிச்சா? வீடு தாங்காதே."

மே 3. வியாழன்

ஊரெல்லாம் ஒரே பேச்சு. எவான்தியா அம்மாள் மாளிகையிலுள்ள பழங்கற்கள் அத்தனையையும் தீவின் பெரிய ஊரான சோராவிலிருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் போகிறாளாம். அவள் பிள்ளைகள் லண்டனில் கப்பல் கம்பெனி நடத்துகிறார்கள். தாடை போன சிங்கத்தையும் மூக்கில்லாத தலைகளையும் வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

அவள் கொள்ளுத்தாத்தா கப்பல்காரர். சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது கப்பல் ஆடாமல் இருக்க ரினியாத் தீவில் கிடந்த பளிங்கை அடிப்பாரமாக ஏற்றி வருவாராம். அப்படி வந்தவைதான் எல்லாம். நல்லவை கூடத்துக்குப் போயின. மிச்சம் தோட்டத்துக்கு. ஒன்றே ஒன்றைத் துணி துவைக்கும் முற்றத்தில், தொட்டிக்கு மேலே சுவரில் பதித்துவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். எதிரே ஒரு வேலைக்காரச் சிறுமி பெட்டி ஏந்தி நிற்கிறாள். கீழே எழுத்து. யாரோ ஒருத்தியின் கல்லறைக் கல்.

என் அம்மா அந்தத் தொட்டியில்தான் மாளிகைத் துணியெல்லாம் வெளுத்தாள். நான் அந்தக் கல்லைப் பார்த்தே வளர்ந்தவன்.

அதையும் எடுப்பார்களா? எடுப்பார்கள்.

மே 5. சனி

படித்துவிட்டேன். படித்தே விட்டேன்.

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

ஏதென்ஸிலிருந்து கற்களைப் பார்க்க ஒரு அம்மணி வந்திருக்கிறாள். தனாயி என்று பெயர். நாற்பதுக்குள் இருக்கும். சிகரெட் பிடிக்கிறாள், வாய் நிறையச் சிரிக்கிறாள். நான் மடையைத் திருப்பிவிட்டு முற்றத்துப் பக்கம் போனபோது அவள் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் எழுத்துக்குள் இருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரலாமா என்று கேட்டேன். இது உங்க ஊரு ஐயா, நான்தான் கேக்கணும் என்றாள்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்போதைய எஜமானியம்மா விருந்தாளிகளை அழைத்து வந்து, குடை நுனியை எழுத்தில் வைத்து, உரக்கப் படித்துக் காட்டுவாள். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஆனால் காதால் தெரிந்தது வேறு. இன்றைக்குக் கண் போய் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டது. நான் வகுப்பில் படித்த அதே பெரிய எழுத்துகள். ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது. கடைசியில் எல்லாம் சேர்ந்து அதே பெயராக வந்து நின்றது.

தாமோன் மகள் ஸோசிமி. நல்லவளே, போய் வா.

அவ்வளவுதான் கல்லில் இருக்கிறது. நான் சத்தமாகப் படித்தேன். தனாயி அம்மணி கை தட்டினாள். ஈராயிரம் வருசமா யாராச்சும் படிப்பாங்கன்னுதான் இவ உக்காந்திருக்கா, இன்னைக்கு நீங்க படிச்சீங்க என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த சந்தோஷத்தில் வாய் வழுக்கிவிட்டது. "இவளுக்கு எங்க வீட்டுல வருசா வருசம் கோதுமை அவிக்கிறோம் அம்மணி. ஆத்துமாக்களின் சனிக்கிழமை தவறாம. கோயில்ல சாமி செத்தவங்க பேரோட இவ பேரையும் சேத்துத்தான் படிக்கிறார்" என்றேன்.

அவள் சிரித்துச் சிரித்துத் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை. இதைவிட நல்ல சேதி நான் கேட்டதே இல்ல ஐயா என்றாள்.

பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை.

மே 6. ஞாயிறு

காரியம் கெட்டது.

பூசை முடிந்து ஸ்டாத்தியின் காப்பிக் கடையில் எல்லாரும் இருந்தோம். தனாயி அம்மணியும் வந்தாள். எங்கள் கோயில் ஸ்பிரோ சாமியும் இருந்தார். அவள் கள்ளமில்லாமல் கதையைச் சொல்லிவிட்டாள். உங்க ஊரு எவ்வளவு அழகு, கிறிஸ்துவுக்கு முந்திச் செத்த ஒருத்திக்கு இன்னும் கோதுமை அவிக்கிறீங்க, சாமியும் பேர் படிக்கிறார் என்று.

கடை முழுக்கச் சிரிப்பு. சாமி சிரிக்கவில்லை. காப்பியை முடித்தார், எழுந்து போனார்.

மே 8. செவ்வாய்

சாமி வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர்தான். தரைநாட்டுக்காரர், இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கலியோ ரக்கிச் சாராயமும் பழ இனிப்பும் வைத்தாள். தொடவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

மற்றவர்கள் தங்கள் வீட்டுச் செத்தவர்கள் பெயரைத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். நான் இத்தனை காலமும் எழுத்தறியாதவன். அதனால் சாமியின் பக்கத்தில் நின்று மூச்சு விடாமல் சொல்லுவேன், அவர் என் வாயைப் பார்த்துப் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவார். அப்பன் வழி, அம்மா வழி, கடலில் போனவர்கள், பஞ்சத்தில் போனவர்கள், ஒருத்தரையும் விட்டதில்லை. அம்மா பெயருக்கு அடுத்தது எப்போதும் ஸோசிமி.

சாமி கேட்டார், அது உங்க மிக்கோனோஸ் சித்தின்னுதானே எல்லாரும் சொல்றாங்க, அந்தக் கல்லுக்காரியா அது?

கலியோவும் என்னைப் பார்த்தாள். அவளும் இத்தனை வருடம் சித்தி என்றுதான் நினைத்திருந்தாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"யாக்குமி ஐயா, கோபப்படாதீங்க. ஞானஸ்நானம் வாங்காத ஒருத்தி பேரை என்னால பீடத்துல சொல்ல முடியாது. அவளுக்குன்னு ஒரு காலம், ஒரு சாமி. எனக்கு அவ மேல பகை இல்ல. வர்ற ஆத்துமாக்களின் சனிக்கிழமை அந்தப் பேரு வரும்போது நான் வாய மூடிக்குவேன். நீங்களே விட்டுட்டா நமக்குள்ள சங்கடம் இல்ல" என்றார்.

பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனி. ஜூன் 9.

அவர் போனபிறகு கலியோ அந்த ரக்கியைத் தானே குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவினாள். அவள் பேசாமல் இருப்பதுதான் பயம்.

மே 9. புதன்

கடையில் எனக்குப் புதுப் பெயர்: 'பன்னிரண்டு பழைய தெய்வத்துக்காரன்.' ஸ்டாத்தி காப்பியோடு ஒரு கொத்துக் கோதுமைக் கதிரையும் வைத்தான். "மாமா, ஸீயஸுக்கும் ஒரு தட்டு அவிச்சிருங்க. மழை வேணும்."

அவன் அப்பன் பெயரையும் நான் ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்கிறேன், அது அவனுக்குத் தெரியாது. காசு வைத்துவிட்டு வந்தேன்.

மே 11. வெள்ளி

காற்று. எலுமிச்சைப் பூ எல்லாம் தரையில்.

மே 13. ஞாயிறு

எழுதலாமா? எழுதத்தானே படித்தேன். எழுதிப் பார்க்கிறேன். அம்மாவைத் தவிர ஒருத்தரிடமும் சொல்லாததை முதலில் இந்த நோட்டிடம் சொல்கிறேன்.

எனக்கு ஏழு வயது. துறைமுகத்துக்குக் கப்பல் வராத பஞ்ச வருடம். அப்பா கடலில் எங்கேயோ. அம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னால் யார் வீட்டிலும் குழந்தைக்குப் பெயர் கிடையாது, நாங்களும் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. அவளால் எழுந்திருக்கவும் முடியவில்லை. மாளிகையில் ஆடு இருக்கு, எஜமானியம்மாட்ட பாப்பாவைக் காட்டு, ஒரு சொட்டாவது குடுப்பாங்க என்று குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்து அனுப்பினாள்.

போனேன். மாளிகையில் யாரும் இல்லை. மாதா திருநாள், எல்லாரும் மலைக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். துவைக்கும் முற்றத்தில் காத்திருந்தேன். தொட்டியில் தண்ணீர் இல்லை. குழந்தை ரொம்ப லேசாக இருந்தது. அழுகை நின்றுபோச்சு. நின்றுபோச்சேன்னு நான் முதல்ல சந்தோஷப்பட்டேன். அப்புறம் உதட்டைப் பாத்தேன். நீலம்.

ஓடியிருக்கலாமா? யார்ட்ட ஓட? எல்லாரும் மலை மேல.

எங்க ஊர்ல எந்தப் பொடியனுக்கும் தெரியும், சாகப் போற பிள்ளையை ஞானஸ்நானம் இல்லாம அனுப்பக் கூடாது. சாமி இல்லேன்னா யாரு வேணா செய்யலாம். தண்ணியில்லேன்னா காத்துல செய்யலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவச்சி செஞ்சதைச் சன்னல் வழியா பாத்திருக்கேன். மூணு தடவை மேல தூக்கணும். பேரைச் சொல்லணும். அதுக்கு ஒரு பேரு வேணும்.

முறைப்படி பாட்டி பேரு வைக்கணும். மார்க்கேத்தா. ஆனா பாட்டி உசிரோட இருந்தா. சாகற பிள்ளைக்கு அவ பேரை வச்சா அவளையும் கூட்டிட்டுப் போயிருமோன்னு பயம். அம்மா பேரும் அப்படித்தான். எனக்குத் தெரிஞ்ச பொம்பளைங்க எல்லாரும் உசிரோட இருந்தாங்க. நிமிந்து பாத்தேன். கல்லுல அவ உக்காந்திருந்தா. ஏற்கெனவே செத்தவ. இவ பேருக்கு இனிமே என்ன கெடுதல் வந்துரும்?

தூக்கினேன். கடவுளின் அடியாள் ஸோசிமி ஞானஸ்நானம் பெறுகிறாள், பிதாவின் பெயரால். மறுபடி தூக்கினேன், சுதனின் பெயரால். மூன்றாம் தடவை கை நடுங்கியது. பரிசுத்த ஆவியின் பெயரால்.

ஆமென் என்று சொல்ல ஆள் இல்லை. நானே சொன்னேன்.

வீட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். பிறகு வாயைப் பொத்தினாள். அப்போதிருந்த சாமி முன்கோபி. கல்லுலேர்ந்து பேரெடுத்தியாடா, செல்லாது போன்னு சொல்லி உன் தோலை உரிச்சிருவார், வேண்டாம் என்றாள். அதனால் ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்றே கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே, கரோபு மரத்தடியில் வைத்தார்கள். அதைப் பார்க்க அம்மா என்ன பாடு பட்டிருப்பாள். என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஆத்துமாக்களின் சனிக்கிழமை அவள் கோதுமை அவித்தாள். சாமியிடம் ஸோசிமி என்று ஒரு பெயர் கொடுத்தாள். யாரென்று கேட்டவர்களுக்கு மிக்கோனோஸ் சித்தி. என்னிடம் மட்டும் சொன்னாள், அந்தக் கல்லுக்காரிக்கும் ஒரு கை சேத்துத்தான் போடுறேன், பேரு அவளுதுதானே, கடன் வாங்கினதுக்கு வட்டி குடுக்க வேணாமா.

ஆக, நான் தனாயி அம்மணியிடம் சொன்னது பொய் இல்லை. பாதி.

இப்போது சாமி வாயை மூடிக்கொண்டால் நின்றுபோவது அந்தக் கல்லுக்காரி பெயர் இல்லை. எங்க பாப்பாவோட பேரு. அவளுக்கு அதைத் தவிர இந்த உலகத்துல ஒண்ணுமே கிடையாது. ஒரு சட்டைகூட கிடையாது.

மே 15. செவ்வாய்

யோசனை வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் மேத்தோதி சாமி இருக்கிறார். தொண்ணூறு வயது. இடி விழுந்தாலும் கேட்காது. எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டி ஒரு பெயரைச் சொல்வார். அங்கே போய்விடலாம்.

கோவேறு கழுதைக்குச் சேணம் தேய்த்துக்கொண்டிருந்தேன், கலியோ பிடித்துவிட்டாள். எங்கே பிரயாணம் என்றாள். சொன்னேன்.

"செவிட்டுச் சாமி எந்தப் பேரைச் சொல்வாருன்னு அவருக்கே தெரியாது. ஸோசிமின்னு சொன்னா வேற ஏதோ பேரா விழும். நம்ம செத்தவங்க நம்ம கோயில்லதான்யா. யாரு அந்தப் பொம்பள? எதுக்கு இந்தத் துடிப்பு? அம்பது வருசம் அவளுக்கு அவிச்சவ நான். எனக்குச் சொல்ல மாட்டீரா?"

சேணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அங்கேயே, தொழுவத்தில், நின்றபடி.

சொல்லி முடித்ததும் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். சேணம் துடைத்த துணியை என் மூஞ்சியில் வீசினாள். எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தபோது ஒவ்வொரு தடவையும் நான் ஏன் ஞானஸ்நானத்துக்கு அப்படி அவசரப்படுத்தினேன், வாரக்கணக்கில் தூங்காமல் தொட்டில் பக்கத்திலேயே ஏன் கிடந்தேன் என்று அவள் எத்தனை நாள் யோசித்திருக்கிறாளாம். கஞ்சன், விருந்துச் செலவைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறான் என்று அவள் அம்மா சொன்னதை நம்பிவிட்டாளாம்.

"ஒரு நாத்தனார் இருந்திருக்கா எனக்கு. தெரியாமப் போச்சே" என்றாள். பிறகுதான் அழுதாள்.

நாளைக்குச் சாமியிடம் போ என்கிறாள். பயமாக இருக்கிறது. அதே பயம், அந்த முன்கோபிச் சாமி செத்து எவ்வளவு காலமாயிற்று.

மே 16. புதன்

போகவில்லை.

மே 17. வியாழன்

போகவில்லை. இன்று எனக்குச் சாப்பாடு கிடையாது என்று கலியோ சட்டியை அவள் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். முட்டையும் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும். வாசனை தெருக்கோடி வரை போகிறது.

மே 19. சனி

போனேன்.

சாமி தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார், முகத்தில் வலை. வலையோடேயே கேட்டார். எனக்கு அது நல்லதாகப் போயிற்று, முகம் தெரியவில்லை. நான் முழுக்கச் சொன்னேன். அவர் வலையைத் தூக்கினார்.

என்ன வார்த்தைகள் சொன்னாய் என்று கேட்டார். சொல்லிக் காட்டினேன். எத்தனை தடவை தூக்கினாய்? மூன்று. அப்போது மூச்சு இருந்ததா? இருந்தது. கை விரல் ஒன்று என் சட்டைப் பொத்தானில் மாட்டியிருந்தது, மூன்றாம் தடவை அது விடவில்லை, அதனால்தான் கை நடுங்கியது. இதை இத்தனை வருடத்தில் நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவர் கேட்டதும் விரல் வந்துவிட்டது.

சாட்சி யார் என்றார்.

யாரும் இல்ல சாமி. நானும் கல்லுந்தான்.

கையில் ஊர்ந்த தேனீயை ஊதிவிட்டார். பிறகு சொன்னார்: "ஏழு வயசுப் பையன் செஞ்சதுல எனக்குச் சந்தேகம் இல்ல. எழுபத்து நாலு வயசு ஆளு, என்னை மடக்கறதுக்குன்னு ஒரு கதை கட்டியிருப்பாரோன்னுதான் யோசிக்கறேன். ஊரே சிரிச்ச பிற்பாடு வந்து சொல்றீங்களே. முன்னாலயே ஏன் சொல்லல?"

அம்மா வாயப் பொத்தினா சாமி. கையை எடுக்காமலே செத்துப்போயிட்டா.

அப்படித்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

பெயர் கல்லிலிருந்து வந்ததுதான் குற்றமா என்றும் கேட்டுவிட்டேன். பெயரில் குற்றம் இல்லை, ஸோசிமா என்று நம்முடைய புனிதரே ஒருவர் இருக்கிறார் என்றார். ஆனால் தானாக முடிவெடுக்க மாட்டாராம். ஆயரைக் கேட்க வேண்டும். அதுவரை வாக்குக் கொடுக்க முடியாது.

வரும்போது ஒரு அடை தேன் கொடுத்தார். தேன் கொடுத்தால் என்ன அர்த்தம்? சம்மதமா, சமாதானமா? கலியோ சொல்கிறாள், தேன்னா தேன், தின்னும்.

மே 24. வியாழன்

இன்று கல் கிளம்பியது!

ஸ்டாத்தி, அவன் தம்பி, சோராவிலிருந்து நாலு பேர். தனாயி அம்மணி கத்தாமல் கத்திக்கொண்டிருந்தாள். சுவரைச் சுற்றி உளியால் கொத்தினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் என் பல் கூசியது. கடைசிச் சாந்து விட்டதும் கல் ஒரு மூச்சு விட்டது, நிஜமாகவே, உள்ளே இருந்த காற்று. தலையணை, கோரைப்பாய், கயிறு எல்லாம் கட்டி வண்டிக்கு இறக்கினார்கள். பாதியில் கயிறு வழுக்கியது. எல்லாரும் ஒரே குரலில் மாதாவே என்றோம். ஸ்டாத்தி தோளைக் கொடுத்துவிட்டான். அவன் முகம் வெளுத்துப்போயிற்று, விடவில்லை.

வண்டி போனபிறகு தோளைத் தேய்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, உங்க தங்கச்சி கதையை எங்க ஆத்தா சொன்னா. எனக்குத் தெரியாம கேலி பண்ணிட்டேன்."

உன் ஆத்தாவுக்கு யாருடா சொன்னது?

"கலியோ அத்தைதான். கிணத்தடியில. எல்லார்ட்டயும்."

கோபம் வரவேண்டியது. வரவில்லை. எனக்கு அம்மா வாயைப் பொத்தினாள், கலியோவுக்கு யார் பொத்த முடியும்?

ஜூன் 3. ஞாயிறு

சோராவுக்குப் பஸ்ஸில் போனோம், நானும் கலியோவும், அவள் கறுப்புப் பட்டில். அருங்காட்சியகத்தில் கூட்டம். அவளைச் சன்னலோரம் நிறுத்தியிருக்கிறார்கள். பாசியெல்லாம் போய், அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய கண் என்று எனக்கே தெரியாது. எதிரே நிற்கிற சிறுமி கன்னம் குழியச் சிரிக்கிறாள், அத்தனை காலமும் சோப்புக் கறையில் முகம் மறைந்திருந்தது.

பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றது. அப்பன்காரன் விரலை நீட்டிச் சத்தமாகப் படித்தான். தாமோன் மகள் ஸோசிமி, நல்லவளே, போய் வா. அவர்கள் போனார்கள். அடுத்து ஒரு கிழவி, மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தாள். அவளுக்குப் பின் ஒரு மாலுமிப் பையன், தன் பெண்ணுக்குப் படித்துக் காட்டினான். யாராலும் வாய்க்குள் படித்துவிட்டுப் போக முடியவில்லை. எல்லாரும் உரக்கத்தான்.

நான் கலியோவிடம் சொன்னேன், இவளுக்குச் சாமி வேண்டியதில்லை. எழுத்துத் தெரிந்தவன் எவன் வந்தாலும் இவள் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இவள் கெட்டிக்காரி.

கலியோ, அப்ப நம்ம பிள்ளைதான் பாக்கி என்றாள். நம்ம பிள்ளை என்றாள்.

ஜூன் 5. செவ்வாய்

சாமி சீரோஸ் தீவுக்கு, ஆயரிடம் போயிருக்கிறார். கடல் கொந்தளிப்பு, கப்பல் இல்லை, திரும்பவில்லை.

ஜூன் 6. புதன்

கப்பல் இல்லை.

ஜூன் 7. வியாழன்

சாயங்காலக் கப்பலில் வந்துவிட்டார். துறையிலேயே நின்றிருந்தேன், தற்செயலாக வந்தவன் மாதிரி. அவருக்கு வாந்தி, முகம் பச்சை. என்ன சாமி ஆச்சு என்று கேட்டேன். "யாக்குமி ஐயா, தரை ஆடறது நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு நான் என்ன எழுத?

ஜூன் 8. வெள்ளி

கலியோ கோதுமை அவித்தாள். என்னை அடுப்பங்கரைக்குள் விடவில்லை. மாதுளை விதை, உலர்திராட்சை, வறுத்த மாவு எல்லாம் எடுத்துக் கொடுத்தேன், கதவிடுக்கு வழியாக வாங்கிக்கொண்டாள். ஸ்டாத்தியின் ஆத்தாவும் உள்ளே இருக்கிறாள். குசுகுசு. கேட்டால் உமக்குச் சம்பந்தமில்லை என்கிறாள்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். சாமி வாயை மூடினாலும் நான் மூடப்போவதில்லை. பெயரைச் சொல்வேன். கோயிலுக்குக் கேட்கும்.

ஜூன் 9. சனி

கோயில் நிறைந்து வாசல் வரை ஆள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு, பொய் சொல்வானேன்.

எல்லாரும் தாளைக் கொடுத்தார்கள். டீச்சர் என்னிடம், இந்த வருசம் நீங்களே எழுதிக் குடுத்திருக்கலாமே என்றாள். மாட்டேன் என்றேன். வாயால் வந்தவர்கள் வாயாலேயே வரட்டும்.

சாமி பக்கத்தில் போய் நின்றேன். தொடங்கினேன். மார்க்கேத்தா, லெனார்தோ, ஸன்னி, கடலில் போன இரண்டு பந்தெலி, பஞ்சத்தில் போன ஃப்ளோரோ. அவர் பின்னாலேயே வந்தார், வழக்கமான வேகம். ஸ்டாத்தியின் அப்பன். அப்புறம் இரினி. என் அம்மா.

சொல்லுவேன் என்று முடிவெடுத்தவன், வாய் திறக்கவில்லை.

"குழந்தை ஸோசிமி" என்றார் சாமி. நான் சொல்லாமலே. அவசரமில்லாமல். மற்ற பெயர்களை ஓட ஓடச் சொன்ன மனிதர், இதை மட்டும் நின்று சொன்னார்.

குழந்தை என்ற சொல்லை இதுவரை யாரும் அந்தப் பெயரோடு சேர்த்துக் கோயிலுக்குள் சொன்னதில்லை.

அதற்கடுத்த பெயர் எனக்கு மறந்துபோயிற்று. எனக்கு! ஒரு நாளும் ஒரு பெயர் தவறாதவனுக்கு. வெறும் வெளிச்சமாக இருந்தது மண்டைக்குள். பின்னாலிருந்து கலியோ "பவ்லோ" என்றாள். ஆமாம், பவ்லோ. மீதியை அவளும் நானுமாகச் சொல்லி முடித்தோம்.

பூசை முடிந்து வாசலில் தட்டைத் திறந்தாள். அப்போதுதான் பார்த்தேன். கோதுமை மேல் சிலுவைக்குப் பதிலாக வெள்ளைச் சர்க்கரை பூசின பாதாம் அடுக்கியிருந்தது. சின்னச் சின்னதாக வலைத்துணியில் கட்டி, வெள்ளை நாடா போட்டு, வருகிற ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பிடி கோதுமையும் ஒரு முடிச்சு பாதாமும் கொடுத்தாள். அது செத்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஞானஸ்நான விருந்தில் கொடுப்பது.

கோயில் பக்கத்து வீட்டு ஃப்ரோஸோ கிழவிக்குக் கண் மங்கல். முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்துக் குழம்பிவிட்டாள். "அடியே கலியோ, இது என்ன? ஞானஸ்நானமா, நினைவு நாளா? நான் எந்த வாழ்த்தைச் சொல்றது?"

"ரெண்டுந்தான் அத்தே. ஒண்ணு கொஞ்சம் தாமதமாயிருச்சு."

கிழவி ஒரு பாதாமை வாயில் போட்டுக் கடைவாய்க்குத் தள்ளினாள். கடவுள் அவளை ஏற்றுக்கொள்ளட்டும் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஸோசிமி. நல்ல பேரு. யாருப்பா வச்சது?"

"நான்தான் வச்சேன்" என்றேன்.